சாவடிச் சுவரில் மயிலேறி

“தாயே, மயிலேறி முகம் எனக்கு மறந்துபோச்சு.”

இருளப்பன் இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்து மூச்சு வாங்கிச் சொல்லுகிற பொறுமைகூட அவனுக்கு இல்லை.

செங்கமல அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எப்போ மறந்துச்சு?”

“தெரியல. நேத்துக் கண்ண மூடிப் பாத்தேன், வரல. இன்னைக்குக் காலையிலயும் பாத்தேன். வேற யாரோ வாராவ.”

“யாரு?”

“நான் வரைஞ்சவரு.”

அம்மை ஒரு காம்பை உருவிக் கீரையைச் சுளகில் போட்டாள்.

*

குருவுக்கு நாற்பது வயது இருக்கும். சீடனுக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு சீடனை அண்ணாச்சி என்பாள், சீடன் குருவைத் தாயே என்பான். வர்ணக்காரத் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்களும் மாமியார் சண்டை, மருமகன் குடி என்று வந்துவிட்டால் குரு இருக்கும் ஆற்றங்கரை மண்டபத்துக்குத்தான் நடந்தார்கள். சிரித்ததை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

இருளப்பன் முதலில் அங்கே வந்தது ஞானம் கேட்டு அல்ல, சுவர் கேட்டு. வெள்ளைச் சுவரைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இராது.

“வரையட்டுமா தாயே?” என்றான்.

“வரைஞ்சுதான் தீரணுமா?” என்றாள்.

பதில் தெரியவில்லை. மறுநாள் யோசித்துக்கொண்டு வந்தான். அப்போதும் தெரியவில்லை. இப்படி வந்து வந்தே சீடனாகிப் போனான். சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

*

மயிலேறி யார் என்று சொல்லவேண்டும்.

அவனும் வர்ணக்காரன்தான். இருளப்பனும் அவனும் நாற்பது வருசமாக ஒரே சாரத்தில் ஆளுக்கொரு முனையில் நின்று கோயில் சுவர், மடத்துச் சுவர், அரண்மனைச் சுவர் என்று வரைந்தவர்கள். மயிலேறி வரைவான், கூடவே பாட்டும் கட்டுவான். கையில் தூரிகை ஓடும்போது வாயில் பாட்டு ஓடும். பாட்டு நன்றாக இருக்கும். பாடுவதுதான் சகிக்காது.

போன மாசியில் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

வர்ணக்காரத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வர்ணக்காரன் ஒருவன் செத்துப்போனால், அவனோடு வேலை செய்தவன் தெருமுனைச் சாவடியில் அவன் வாழ்ந்த கதையை வரையவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பாட்டு எழுதவேண்டும். ஆண்டுத் திதியன்று திரையை விலக்குவார்கள். ஊர்க் கோயிலெல்லாம் வரைந்தவனுக்குத் தெரு கொடுக்கிற கோயில் அந்த ஒரு சுவர்தான்.

இருளப்பன் காடாற்று முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினான். யாரிடமும் கேட்கவில்லை. காலையில் சுண்ணாம்பு பூசுவான். ஈரம் இருக்கும்போதே வரைந்து முடிப்பான். ஈரச் சுண்ணாம்பில் போட்ட நிறத்தைச் சுவர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அழிக்கவேண்டுமென்றால் சுவரைத்தான் இடிக்கவேண்டும். அதனால் ஈரத்தில் வரைகிறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது. இருளப்பனும் யோசிக்கவில்லை. அழுதுகொண்டே வரைந்தான். மூக்கைச் சிந்திவிட்டு வரைந்தான்.

பிறகு மடத்துக் காரியஸ்தர் குற்றாலநாதர் பார்க்க வந்தார். சாவடி மடத்துக்குச் சொந்தம்.

“என்னவே இது? ஆளு முதுகைச் சொரிஞ்சுக்கிட்டு நிக்கான்.”

“சொரிவான் ஐயா. தூரிகைக் காம்பால சொரிவான்.”

“சொரியட்டும்வே. அதுக்கு எங்க சுவருதான் கிடைச்சுதா? திருவிழாவுக்கு நாலு ஊரு ஆளு வந்து பாக்கும். ஒரு மரியாதை வேண்டாமா?”

மரியாதை என்ற சொல்லில் இருளப்பன் விழுந்தான். அவனுக்கும் அந்த எண்ணம் உள்ளே இருந்தது. நம்ம மயிலேறியை நாலு ஊர் ஆள் பார்த்து வாயைப் பிளக்கவேண்டாமா? காய்ந்துபோன படத்தின் மேலேயே பிசின் கலந்த நிறத்தை ஏற்றினான். முதுகு சொரிந்த கை ஆசீர்வாதம் செய்கிற கையானது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்தது. மடத்துப் புலவர் வந்து, கீழே இருந்த பாட்டுகளைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அவற்றின் மேலும் பூசியாயிற்று.

‘கற்பகத் தருவே, கலைமகள் திருவே, பொற்பதம் பணிந்தோம் புகழெனும் உருவே’ என்று முதல் படத்துக்குக் கீழே இப்போது இருக்கிறது. இதை மயிலேறி கேட்டிருந்தால் சாரத்திலிருந்து விழுந்திருப்பான்.

மாதக்கணக்கில் இந்த வேலை நடந்தது. தினமும் அந்த முகத்தையே பார்த்துப் பார்த்து மெருகு ஏற்றினான் இருளப்பன். ஒருநாள் கண்ணை மூடினால் அந்த முகம்தான் வந்தது. மற்றது வரவில்லை.

*

“மறந்தா மறந்துட்டுப் போவுது,” என்றாள் அம்மை.

“அப்படிச் சொல்லாதீங்க தாயே. அவன் செத்ததைக்கூடத் தாங்கிக்கிட்டேன். கண்ண மூடினா வந்து நிப்பான், அது போதும்னு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு. அவன இன்னொரு தரம் தூக்கிக்கிட்டுப் போன மாதிரி இருக்கு. இந்தத் தரம் தூக்குனது நானு.”

அம்மை கீரையை விட்டாள்.

“திரை எப்போ விலக்குதாவ?”

“நாளை கழிச்சு.”

“உலகம்மக்கா பாத்தாவளா?”

உலகம்மாள் மயிலேறியின் பெண்சாதி.

“இல்ல தாயே. அன்னைக்குத்தான் பாக்கணும்னு எல்லாருக்கும் மறைச்சு வச்சிருக்கு.”

“கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க.”

“மைனிக்கு எதுக்கு இப்பவே?”

“முகம் தொலைஞ்சா, அந்த முகத்தோட குடும்பம் நடத்துனவகிட்டதானே முதல்ல கேக்கணும்.”

மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

*

உலகம்மாள் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பி வந்தாள்.

இருளப்பன் திரையை விலக்கினான். சாயங்கால வெயில் சாவடிக்குள் சரிந்து விழுந்து, சுவரில் ஒட்டியிருந்த பொன் ரேக்கு எல்லாம் மின்னியது.

முதல் படத்தில் மயிலேறி பீடத்தில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தான். அடுத்ததில் அவன் வரைந்த கிளி சுவரைவிட்டுப் பறந்து போனது. அதற்கடுத்ததில் அவன் பாட, மழை கொட்டியது. கடைசியில் ராசா ஒருவர் எழுந்து நின்று பட்டு போர்த்தினார்.

உலகம்மாள் நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, முகத்தைச் சாய்த்துப் பார்த்தாள். இருளப்பன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லா இருக்கு தம்பி.”

இந்த ‘நல்லா இருக்கு’ எது என்று இருளப்பனுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டு எழுந்திருப்பவர்கள் சொல்வது.

“இது யாரு மைனி?” என்று கேட்டுவிட்டான்.

“என்ன தம்பி இப்படிக் கேக்கிய? நீங்கதானே வரைஞ்சீய.”

“பரவால்ல, சொல்லுங்க.”

“எனக்கு என்ன தெரியும்? யாரோ பெரியவரு மாதிரி இருக்காவ.” கொஞ்சம் தயங்கினாள். “கும்பிட்டுக்கிடுதேன்.”

சொன்னபடியே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். மாவு காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இருளப்பன் அங்கேயே உட்கார்ந்தான். அவளும் மயிலேறியும் போட்ட சண்டையைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அவள் யாரையோ பார்ப்பதுபோலக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

*

மறுநாள் விடிந்ததும் மண்டபத்துக்குப் போனால் அம்மை இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் யாருக்கோ பிரசவம் என்று போயிருந்தாள். இருளப்பன் பரிசல் வரும்வரை கரையில் நடந்தான். உட்கார்ந்தான். மறுபடி நடந்தான். மத்தியானம் தாண்டித்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

“மைனி கும்பிட்டுட்டுப் போயிட்டாவ தாயே.”

“கும்பிட்டாவளா?”

“கையெடுத்து.”

அம்மை பரிசலில் இருந்து இறங்கிய கால் காய்வதற்குள் நடக்கத் தொடங்கினாள். மண்டபத்துப் பக்கம் அல்ல, தெருப்பக்கம்.

“வாங்க அண்ணாச்சி. நானும் பாக்கேன்.”

சாவடியில் ஆளில்லை. காலையில் வந்து வாழைமரம் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருளப்பன் திரையை விலக்கினான். அம்மை முதலில் கிளிக்கு முன்னால் போய் நின்றாள்.

“கிளி பறந்துச்சா?”

“பறக்கல தாயே. அவன் வரைஞ்ச கிளிய ஒரு பல்லி கடிக்கப் பாத்துச்சு. அதை நான் காரியஸ்தர்கிட்டச் சொன்னேன். அவரு பல்லிய எடுத்துட்டுக் கிளியப் பறக்க விட்டுட்டாரு.”

“மழை?”

“அவன் பாடினா கூட நின்ன ஆளு ஓடும். மழை எங்க வர?”

“பின்னே?”

“புலவர் சொன்னாரு. பாட்டுக்காரன்னா ஒரு மழையாவது பெய்யணுமாம்.”

“ராசா?”

“ராசா எங்க ரெண்டு பேரையும் பாத்ததுகூட இல்ல. கொல்லைப்புற வாசல்ல சோறு போட்டாவ. நல்ல சோறு தாயே, குத்தம் சொல்லக்கூடாது.”

அம்மை முதல் படத்துக்கு வந்தாள். பீடத்தில் இருந்தவரின் கழுத்தில் கனத்த பொன் மாலை. காதில் கடுக்கன். விரல் பூராவும் மோதிரம்.

“இந்தப் பொன் யாரு கேட்டது? காரியஸ்தரா?”

இருளப்பன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினான்.

“புலவரா?”

“யாரும் கேக்கல. நானாத்தான் ஒட்டுனேன்.” அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. “இருந்தவரைக்கும் அவன் மேல ஒரு குந்துமணிப் பொன்னு கிடையாது தாயே. மத்தவன் கழுத்துக்கெல்லாம் போட்டு விட்டான். வரைஞ்சாவது அவனுக்குப் போடுவோமேன்னு போட்டேன்.”

அம்மை அவனைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை.

“தாகமா இருக்கு. ஒரு குடம் தண்ணி கொண்டாங்க.”

“செம்பு இருக்கு தாயே.”

“குடம்.”

குளம் பக்கத்தில்தான். போய் நிறைய மொண்டு வந்தான். அம்மை ஒரு கை அள்ளிக் குடித்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். குடத்தைத் தூக்கிப் படத்தின் மேல் ஓங்கி வீசினாள்.

*

ஒளிவட்டம் முதலில் இறங்கியது. பிறகு மாலை. பொன் ரேக்கு துண்டு துண்டாகத் தரையில் ஓடியது. ஆசீர்வாதம் செய்த கை மஞ்சளாக வழிந்தது.

இருளப்பன் சுவருக்கும் குருவுக்கும் நடுவில் வந்து நின்றான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகில் சாயம் சொட்டியது.

“இன்னொரு குடம்,” என்றாள் அம்மை.

“தாயே, நாளைக்கு விடிஞ்சாத் திதி.”

“தெரியும்.”

“காரியஸ்தர் என்னை ஊரைவிட்டுத் துரத்திருவாரு.”

“துரத்துவாரு.”

“இது என் ஒரு வருச வேலை பூராவும் தாயே.”

அம்மை குடத்தை அவன் பக்கம் நீட்டினாள். நீட்டியபடியே வைத்திருந்தாள்.

அவன் மனசுக்குள் கணக்கு ஓடியது. பிசின் இருக்கிறது. மஞ்சள் இருக்கிறது. இப்போது உட்கார்ந்தால் விடிவதற்குள் ஒப்பேற்றிவிடலாம். திரை விலகும்போது யாருக்கும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்கத் திரும்பினான்.

சாயம் வழிந்த இடத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

பின்னால் மடங்கிய முழங்கை. முதுகில் எட்டாத இடத்தை எட்டுவதற்காகக் கோணிக்கொண்டிருந்த முழங்கை. அந்தக் கோணல் உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

ஈரத்தில் போட்டது போகாது என்பது வர்ணக்காரத் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் சுவரோடு கிடந்தவனுக்கு, பயத்தில், அது மட்டும் நினைவில்லாமல் போயிருந்தது. நானாக இருந்தால் என்னை நானே நாலு அறை அறைந்திருப்பேன். அவனுக்கு அதற்கு நேரமில்லை. குடத்தைப் பிடுங்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினான்.

*

இரண்டாவது குடத்தை அவனே ஊற்றினான். மூன்றாவதையும் அவனே. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் பதமாகத் துடைத்தான்.

முதுகு சொரிகிறவன் வந்தான். அடுத்த படத்தில் கிளியும் பல்லியும் வந்தன.

மழை வடிந்ததும் அங்கே இருந்தது மழை அல்ல. மயிலேறி வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான். சாரத்தின் அந்த முனையில் இருளப்பன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

ராசாவைத் துடைத்தான். ராசா போய், நிழலில் வாழை இலையை விரித்து உட்கார்ந்து மயிலேறி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

புலவரின் கற்பகத் தரு கரைந்துபோய்க் கீழே பழைய எழுத்து கிளம்பியது. இருளப்பன் குனிந்து படித்தான்.

‘ஏணியிலே ஏறிவிட்டேன், இறங்க மறந்துவிட்டேன்.
ஆனையை வரைந்துவிட்டேன், அங்குசத்தை விட்டுவிட்டேன்.’

மயிலேறி கட்டியது. ஒரு கோயிலில் பாகனை வெறுங்கையோடு வரைந்துவிட்டு, அங்குசம் எங்கே என்று கேட்டவர்களிடம், இது சொன்னால் கேட்கிற ஆனை என்று சாதித்தவன் அவன்.

இருளப்பன் மறுபடி படித்தான். இந்தத் தரம் பாடிவிட்டான். மயிலேறி எந்த இடத்தில் சுருதியை விடுவானோ அதே இடத்தில் விட்டான். அப்புறம் சிரிப்பு வந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நெஞ்சில் மாதக்கணக்காகக் கிடந்த பாரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டதுபோல் இருந்தது. மூச்சு உள்ளே போய் வந்தது.

அம்மை புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“தாயே, அடியில இது இருக்கும்னு தெரிஞ்சுதான் ஊத்துனீயளா?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான் சுவர் வேலை செஞ்சவளா?”

“தெரியாமலா ஊத்துனீய?”

“ஆமா.”

“ஒன்னுமே இல்லாமப் போயிருந்தா?”

“வெறும் சுவர் இருந்திருக்கும். அது யாரு முகத்தையும் மறைக்காது.”

இருளப்பன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“இப்ப கண்ண மூடிப் பாருங்க,” என்றாள் அம்மை.

“வேண்டாம் தாயே.”

“ஏன்?”

“பயமா இருக்கு. இவ்வளவும் பண்ணிட்டு, மூடினப்புறம் அவன் வரலைன்னா நான் எங்க போவேன்?”

அம்மை வற்புறுத்தவில்லை. அந்தக் கரையில் தாயும் பிள்ளையும் சுகம், பெண்பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தாள். இருளப்பன் திரையை இழுத்துக் கட்டினான். வீட்டுக்குப் போய், விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். கண்ணை மூடாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தான்.

*

காலையில் தெரு முழுக்கச் சாவடியில் நின்றது. நாதஸ்வரம் வந்திருந்தது. புலவர் சரிகை அங்கவஸ்திரம் போட்டிருந்தார். காரியஸ்தர் வெளியூர் ஆட்களை முன்வரிசையில் நிறுத்தி, பின்னால் இருப்பவர்களை நெருக்காதே என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

இருளப்பன் தூண் ஓரமாக நின்றான்.

காரியஸ்தரே திரையை இழுத்தார். இழுத்த கையோடு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அவர்கள் வாயைப் பிளப்பதற்காகக் காத்திருந்தார். அவர்கள் பிளக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், என்ன, முதுகைச் சொரியுதாரு, என்றார்.

காரியஸ்தர் சுவரைப் பார்த்தார்.

நாதஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார்.

“இருளப்பன் எங்கவே?”

“இங்க இருக்கேன் ஐயா.”

“என்னவே பண்ணி வச்சிருக்கீரு?”

“மயிலேறிய வரைஞ்சிருக்கேன்.”

“ஒளிவட்டம் எங்க?”

“கழுவிட்டேன்.”

“பொன்னு?”

“அதையும்தான்.”

“என் பாட்டு?” என்றார் புலவர்.

இருளப்பன் தரையைப் பார்த்தான்.

காரியஸ்தருக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியூர் ஆட்கள் முன்னால் தன்னைக் கேவலப்படுத்திவிட்டான் என்று நினைத்தார். அவர் இடத்தில் இருந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

“மூடுங்கவே திரையை. இன்னைக்கே சுவரைக் கொத்திட்டுப் புதுச் சுண்ணாம்பு அடிக்கணும். யாரையாவது உருப்படியான ஆளைக் கூப்பிட்டு வரையச் சொல்லுவோம்.”

யாரும் அசையவில்லை என்றதும் அவரே திரையின் ஓரத்தைப் பிடித்தார். இருளப்பன் தூணைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தான். கொத்திவிட்டால் அப்புறம் ஒன்றும் கிடையாது. ஈரத்தில் போட்டதும் போய்விடும்.

அப்போது உலகம்மாள் வந்தாள். கையில் படையலுக்கான தாம்பாளம். கூட்டம் வழிவிட்டது. அவள் காரியஸ்தரைக் கவனிக்கவில்லை, சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் படத்துக்கு முன்னால் நின்றாள். நகர்ந்தாள். பாட்டுப் படத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். கடைசிப் படத்துக்கு வந்ததும் தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டாள்.

படத்தில் மயிலேறி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். விரலெல்லாம் செங்காவி. சோற்றிலும் ஓர் ஓரம் சிவந்திருந்தது.

உலகம்மாள் கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்தாள்.

“சாயக் கையோட சோத்தத் தொடாதீய, தொடாதீயன்னு எத்தன தரம் சொல்லிருக்கேன். சொன்னா ஏறுதா அந்த மண்டையில?”

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு ஊர் நிற்பதே நினைப்பில்லை.

“நான் ஒருத்தி அங்க ஒத்தையில கிடக்கேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டு, இங்க வந்து உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கியளாக்கும்.”

அவள் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது, துடைக்கவும் இல்லை. காரியஸ்தர் பிடித்த திரையைப் பிடித்தபடியே நின்றார். அது அவர் கையில் இருந்து நழுவியதை அவரே பார்க்கவில்லை.

இருளப்பன் கண்ணை மூடினான்.

மயிலேறி வந்தான், திட்டு வாங்கிய முகத்தோடு.